விசிறி தாங்கும் மரம்

ஊரிலே எல்லாரும் அறிந்த மரமொன்றிற்கு, ஊரில் ஒருவரும் வாய்விட்டு அழைத்தறியாத பெயரொன்று உண்டு. அச்சுவேலியில் வெங்காயத் தோட்டங்களுக்கு அப்பாலும், ஒழுங்கைகளின் இரு மருங்கிலும், காணிகளின் எல்லைகளிலும் நிற்கும் பனைமரமே அது. பனை என்றால் பாலர் வகுப்புப் பிள்ளையும் கைநீட்டிக் காட்டும். 'பொராசஸ் பிளாபெல்லிபர்' என்றாலோ உயர்தர வகுப்பு மாணாக்கரும் ஒரு கணந் திகைப்பர். எழுதச் சொன்னால் எழுதுவர், பிழையின்றியும் எழுதுவர். வாய்விட்டு வாசிக்கச் சொன்னாற் தலை குனிவர்.

நீண்ட சொல்லைக் கண்டு அஞ்சுவது மிகச் சிறியதொரு குறைபோலத் தோன்றலாம். ஆயினும் அவ்வச்சம் ஒரு பிள்ளையின் படிப்பையே தடுக்க வல்லது என்பதை நாம் கண்கூடாகக் கண்டிருக்கின்றோம்.

எம்மிடந் தமிழ் மொழியில் உயிரியல் கற்று, நல்ல பெறுபேறும் பெற்றுப் பல்கலைக்கழகஞ் சென்ற மாணவி ஒருத்தி, முதலாண்டு விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தாள். அவள் வீடு எமது ஒழுங்கையிலேயே உள்ளது. படிப்பு எவ்வாறு என்று கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்தாள். அங்கே பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. ஆய்வுகூடத்திற் காய்ந்த ஓலையொன்றின் மாதிரியைக் காட்டி, அதன் பெயர்ச்சீட்டை உரத்து வாசிக்கும்படி அவளிடங் கூறினார்களாம். "சேர், நான் எழுத்தெழுத்தாய்ச் சரியாத்தான் வாசிச்சன். எல்லாரும் சிரிச்சவை. பேந்து நான் வகுப்பிலை வாயே திறக்கேல்லை" என்றாள். வேறு பாடநெறிக்கு மாறுவதற்கு விண்ணப்பம் எழுதி வைத்திருப்பதாகவுங் கூறினாள்.

பனங்கூடலின் நடுவே பிறந்து வளர்ந்த பிள்ளை, பனையின் பெயராலே படிப்பை விட எண்ணியது எம் மனத்தை உறுத்தியது. மறுநாள் மாலை அவள் வீட்டிற்குச் சென்றோம். திண்ணையில் இருந்து அவளுடைய ஆச்சி சத்தகத்தால் ஓலை வார்ந்து பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். அன்று அத்திண்ணையிற் பேசியவற்றை விரித்து இங்கே எழுதுகின்றோம். அவளைப் போன்ற பிள்ளைகள் பிற வீடுகளிலும் இருப்பர் அன்றோ?

சொல்லொன்று பெரிதாய் இருந்தால் அதனைப் பகுத்துப் பார்க்க வேண்டும். இஃது எமக்குப் புதிய வித்தையன்று. நீர்வேலி, கட்டைவேலி, சங்குவேலி, திருநெல்வேலி, அச்சுவேலி என எமது ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொன்னாலே 'வேலி' என்னும் ஈறு தனியே கழன்று நிற்பதைச் சிறுவர் கண்டுகொள்வர். நல்லூரில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசர் (1875-1947) சொற்களின் வேரைத் தேடுவதிலேயே பல்லாண்டுகளைச் செலவிட்டார். அவருடைய சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி 1938ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கியது. பாடசாலையிலே பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை என்று பகுபத உறுப்பிலக்கணம் படியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. தமிழ்ச் சொல்லை அறுக்கும் அந்தக் கத்தியே இலத்தீன் சொல்லையும் அறுக்கும்.

அறுத்துப் பார்ப்போம். தாவரப் பெயரில் முதற்சொல் சாதிப்பெயர். 'பொராசஸ்' என்பது, ஈச்சம்பாளையைக் குறித்த பழைய கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து வந்தது. இரண்டாவது சொல்லாகிய 'பிளாபெல்லிபர்' பெயரடை. எத்தகைய பொராசஸ் என்ற வினாவிற்கு விடையாக நிற்பது. இலத்தீனிற் 'பிளாரே' என்றால் ஊதுதல், காற்று வீசுதல் என்று பொருள். சைக்கிள் ரயருக்குக் காற்றடிப்பதை ஆங்கிலத்தில் 'இன்பிளேற்' என்கிறோமே, அதனுள்ளும் இதே வேர்தான் இருக்கின்றது. அவ்வேரிலிருந்து பிறந்த 'பிளாபெல்லும்' என்பது சிறுவிசிறி. தமிழிலும் விசிறு என்னும் வினையோடு 'இ' என்னும் விகுதி சேர்ந்து விசிறி ஆயிற்று. ஒரு தொழிலின் பெயராலேயே அதன் கருவிக்குப் பெயரிடும் வழக்கம் இரு மொழிகளுக்கும் பொது.

சொல்லின் ஈற்றில் நிற்கும் 'பெர்' என்பதற்குத் தாங்குவது, சுமப்பது என்று பொருள். இலத்தீனின் இவ்வேரும், ஆங்கிலத்திற் சுமத்தலைக் குறிக்கும் 'பெயார்' என்னுஞ் சொல்லும், வடமொழியிற் 'பாரம்' என்னும் சொல்லைத் தந்த வேரும் ஒரு குடும்பத்தன என்பது மொழிநூலார் முடிபு. கடகத்தைத் தலையில் வைத்துப் 'பாரமாய்க் கிடக்கு' என்று சொல்லும் எமது ஊர்ப் பெண்மணி, இலத்தீனின் உறவுச்சொல் ஒன்றைத்தான் உச்சரிக்கின்றாள். அயல்வீட்டுக் கிறிஸ்தோபர் என்பவரின் பெயர், கிறிஸ்துவைச் சுமப்பவர் எனக் கிரேக்கத்திற் பொருள்படுவதும் இவ்வுறவினாலே. ஆசிரியர்கள் அனைவரும் அஞ்சும் 'திரான்ஸ்பர்' என்பதும் இப்படிப்பட்டதே: 'திரான்ஸ்' என்றால் அப்பால், 'பெர்' என்றாற் சுமத்தல். ஆளை அப்பாற் சுமந்துகொண்டுபோய் விடுவது என்பது அதன் நேர்ப்பொருள். அது பொருத்தமில்லை என்று எந்த ஆசிரியர் கூறுவார்?

ஆகவே 'பிளாபெல்லிபர்' என்றால் விசிறி தாங்குவது. பொருளைச் சொன்னவுடன் ஆச்சி இழைப்பை நிறுத்திவிட்டு, "இதுக்கோ பிள்ளை அழுதனி? விசிறி மரம் எண்டுதானே சொல்லியிருக்கிறாங்கள்" என்றார். பேர்த்தியும் அப்பொழுதுதான் முதன்முறையாகச் சிரித்தாள்.

விசிறிக்கும் தாங்குதலுக்கும் இடையில் 'இ' என்று ஓரெழுத்து நிற்கின்றதே, அஃது எதற்கு? பிளாபெல் என்பதும் பெர் என்பதும் நேரே முட்டிக்கொள்ளாமல் இணைப்பதற்கு. அதற்குத் தனிப்பொருள் கிடையாது. எமது இலக்கணத்தில் இதற்குப் பெயர் சாரியை. இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே மரத்தடியிலேயே கிடக்கின்றது. பனையும் காயும் சேர்ந்தாற் 'பனைக்காய்' என்று நாம் சொல்வதில்லை. ஐகாரங் கெட்டு 'அம்' என்னும் சாரியை புகுந்து பனங்காய் ஆகின்றது. பனங்கிழங்கு, பனங்கட்டி, பனம்பழம் யாவும் அவ்வாறே. தொல்காப்பியர் பனை என்னும் சொல்லைச் சுட்டியே இவ்விதியை வகுத்தார். அதுமட்டுமன்று, பனையோடு 'அட்டு' என்னுஞ் சொல் சேர்ந்தாற் பனாட்டு என வரும் என்பதற்கும் தனிவிதி தந்தார். நன்னூலாரும் அதனைப் பின்பற்றினார். அந்தப் பனாட்டை யாழ்ப்பாணத்தார் இன்றும் பாயிற் காயவைத்து உண்கின்றனர். பனையின் தமிழ்ப்பெயரில் 'அம்' செய்யும் வேலையையே, அதன் இலத்தீன் அடைமொழியில் 'இ' செய்கின்றது.

இனி, அவளைத் தலைகுனிய வைத்த உச்சரிப்பிற்கு வருவோம். ஒரே மூச்செழுச்சியில் ஒலிக்கும் துண்டை ஒலியசை என்று கொள்ளலாம். இலத்தீனில் இச்சொல்லுக்கு ஒலியசை நான்கு: பிளா, பெல், லி, பர். முதலசையிற் பகரமும் ளகரமும் இடையில் உயிரின்றி ஒட்டி ஒலிக்கும். தமிழிலோ இரண்டு மெய்கள் கூடிச் சொல்லுக்கு முதலாகா. ஆதலால் நாம் பகரத்திற்கு ஓர் இகரத்தைக் கொடுத்துப் 'பி' என்று தொடங்குகின்றோம். நான்கு அசை ஐந்தாகின்றது. இதனை நாக்கின் குறை என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. ஒவ்வொரு மொழியும் விருந்தாளியைத் தன் வாசலின் உயரத்திற்கு ஏற்பவே உள்ளே அழைக்கும்.

யாப்பிலக்கணப்படி அலகிட்டாலோ வேறொரு வேடிக்கை. பிளா என்பது குறில்நெடிலாதலின் நிரையசை. பெல் என்பது குறிலொற்றாதலின் நேரசை. லிபர் என்பது குறிலிணையொற்றாதலின் நிரையசை. நிரை, நேர், நிரை வந்தால் வாய்பாடு என்ன? புளிமாங்கனி. இலத்தீன் மரப்பெயர் எமது யாப்பிலே ஒரு மாங்கனியாய் வந்து விழுகின்றது. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று செய்யுளின் சீர்களுக்கே மரங்களின் பெயரை வைத்த மொழி எமது மொழி. ஆச்சிக்கு யாப்புத் தெரியாது. அவர் வேறொன்றைக் கண்டுபிடித்தார். "பிளாவிலைதானே தொடங்குது, கூழ் குடிக்கிற பிளா. அதை நினைச்சுக்கொள்" என்றார். ஓலையால் மடித்துக் கோலும் பிளாவில் ஒடியற்கூழ் குடித்தவர்களுக்கு, அச்சொல்லின் முதலசை இனி ஒருநாளும் மறவாது.

எஞ்சியிருப்பது அழுத்தம். தமிழிற் சொல்லின் பொருளை வேறாக்குவது நீட்டம், அழுத்தம் அன்று. பனை வேறு, பானை வேறு. ஆனால் ஒரு சொல்லில் எந்த அசையைச் சற்று ஓங்கிச் சொன்னாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் அப்படியன்று. முன்னே கூறிய 'திரான்ஸ்பர்' என்பதில் முதலசையை ஓங்கிச் சொன்னால் இடமாற்றம் என்னும் பெயர். ஈற்றசையை ஓங்கிச் சொன்னால் மாற்று என்னும் வினை. தமிழ்ப் பிள்ளை எல்லா அசையையும் சமமாகச் சொல்லிப் பழகியது. அத்தகைய வாசிப்பைக் கேட்டவர்களின் காதில் அது தட்டையாக ஒலிக்கின்றது. அவள் சிரிப்புக்கு ஆளானதன் காரணம் இவ்வளவே.

அழுத்தம் விழும் இடத்தை அறிய இலத்தீனில் ஒரே விதி போதும். மூன்றும் அதற்கு மேலும் அசையுடைய சொல்லில் ஈற்றயலசையைப் பார்க்க வேண்டும். அது நெடிலாகவோ ஒற்றடுத்தோ இருந்தால் அழுத்தம் அதன்மேல் விழும். தனிக்குறிலாக இருந்தால், அழுத்தம் அதற்கு முன்னுள்ள அசையில் விழும். இவ்விதியைச் சொல்வதற்கு எமக்குக் குறில், நெடில், ஒற்று என்ற மூன்றைத் தவிர வேறு சொல்லே வேண்டியிருக்கவில்லை. பிளாபெல்லிபர் என்பதில் ஈற்றயலசை 'லி', தனிக்குறில். ஆகவே அழுத்தம் 'பெல்' மேலே. கோயில் மணியோசையைப்போல அந்த ஓரசையை மட்டும் சற்று ஓங்கிச் சொன்னாற் போதும்.

இவ்விதி உயிருள்ளது என்பதற்கு இன்னொரு சான்று காட்டலாம். சுவீடன் நாட்டறிஞர் கார்ல் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு தம் பெருநூலிற் பனைக்குப் பிளாபெல்லிபர் என்று பெயரிட்டார். பிற்காலத்தார் பலர் அதனைப் 'பிளாபெல்லிபோர்மிஸ்' என்று எழுதினர். 1850இல் வில்லியம் பெர்குசன் என்பவர் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய ஆங்கில நூலின் பெயரிலும் அச்சொல்லே உள்ளது. 'போர்மா' என்றால் வடிவம்; ஆதலால் அது விசிறி வடிவானது எனப் பொருள்படும். இங்கே ஈற்றயலசை 'போர்', நெடிலும் ஒற்றும் உடையது. அழுத்தம் உடனே அங்கே தாவிவிடுகின்றது. உறுப்பு மாறினாற் பொருள் மாறும். பொருளோடு அழுத்தமும் இடம் மாறும்.

இரண்டில் எது பொருத்தம் என்று அவளிடங் கேட்டோம். முற்றத்துக்கு அப்பால் நின்ற பனையை அண்ணாந்து பார்த்து, "மரம் விசிறி மாதிரி இல்லை, சேர். ஓலைதான் விசிறி. மரம் அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது" என்றாள். லின்னேயஸ் வைத்த பெயரே சரியென்பதற்கு இதைவிட நல்ல நியாயம் வேண்டியதில்லை. தாவரப் பெயர்விதிகளின்படியும் 1753ஆம் ஆண்டுப் பெயரே நிலைத்துவிட்டது. முதலில் முறையாக வெளிவந்த பெயருக்கே முதலுரிமை என்பது அவ்விதி. ஓலையின் நடுவே மட்டை கைப்பிடியாய் நுழைந்திருப்பதையும், மடிப்பு மடிப்பாய் ஓலை விரிந்திருப்பதையும் பார்க்கும் எவருக்கும் பெயர் மறவாது. 2022ஆம் ஆண்டு நாடெங்கும் நாளொன்றிற்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டபொழுது, பரணிற் கிடந்த பனையோலை விசிறிகள் பல வீடுகளில் இறங்கி வந்தன. அந்நாட்களில் அம்மரம் தன் பெயருக்கு ஏற்பவே நடந்துகொண்டது.

ஒரு திறப்புக் கிடைத்தால் அது ஒரு கதவை மட்டும் திறப்பதில்லை. வளவிலுள்ள மற்ற மரங்களையும் பார்ப்போம் என்றோம். தென்னைக்குக் 'கொக்கொஸ் நூசிபெரா' என்று பெயர், கொட்டை தாங்குவது. முருங்கைக்கு 'மொரிங்கா ஒலெயிபெரா'; எண்ணெய் தாங்குவது, அதன் விதையிலே எண்ணெய் உண்டு. 'மொரிங்கா' என்பதே முருங்கை என்னும் சொல் மேனாட்டு வாயில் உருமாறியது. மாமரத்தின் சாதிப்பெயர் 'மாஞ்சிபெரா'. மாங்காய் என்னுஞ் சொல் போர்த்துக்கேயர் வழியாகச் சென்று, இலத்தீன் ஈற்றோடு கூடி, மாங்காய் தாங்குவது என்று திரும்பி வந்திருக்கின்றது. ஒரு முற்றத்தில் நிற்கும் நான்கு மரங்களும் 'பெர்' என்னும் ஒரே ஈற்றைச் சுமக்கின்றன. இலங்கையின் தென்பகுதியிற் பெயர்பெற்ற தாளிப்பனையும் அப்படியே. குடைப்பனை என்றும் அதனை அழைப்பர். அதன் அடைமொழி 'உம்பிராகுலிபெரா', குடை தாங்குவது. ஆறு ஒலியசை கொண்ட அச்சொல்லும் எமது குடைப்பனையும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

கூர்மையான பிள்ளை அவள். ஓர் ஐயம் எழுப்பினாள். மற்றவை எல்லாம் 'பெரா' என்று முடிய, பனை மட்டும் ஏன் 'பெர்' என்று நிற்கின்றது? இலத்தீனில் அடைமொழி, தான் தழுவும் பெயரின் பாலுக்கு ஏற்ப முடியும். பொராசஸ் என்பதைத் தாவரநூலார் ஆண்பாலாகக் கொண்டனர். கொக்கொஸ், மொரிங்கா ஆகியவை பெண்பால். பெண்பால் ஈறு சேர்ந்தால் ஓரசை மிகும். அதனால் அழுத்தமும் ஓரசை பின்னே நகர்ந்து, இணைப்பாய் நின்ற 'இ'யின்மேலே போய் விழும். நூசிபெராவில் 'சி', மாஞ்சிபெராவில் 'ஞ்சி' என ஒவ்வொன்றிலும் இதனைக் காணலாம். பொருளற்ற சாரியைக்கு அப்பொழுது வந்து சேரும் மதிப்பைப் பாருங்கள்! பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு என்பதும், நுங்கு தருவது பெண்பனை என்பதும் எமது சிறுவர் அறிந்தவை. இலத்தீன் இலக்கணமோ இரண்டையும் ஆண்பாலிலேயே அடக்கிவிட்டது. சொல்லின் பால் வேறு, பொருளின் பால் வேறு என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

இவ்வளவும் எதற்கு, பனை என்று சொன்னாற் போதாதோ என்று கேட்பாரும் உளர். அச்சுவேலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போதும். ஆனால் சிங்களத்தில் அதற்குத் 'தல்' என்று பெயர். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. கம்போடியாவின் தேசிய மரமும் அதுவே, அங்கே அதற்கு வேறு பெயர். ஆபிரிக்காவிலுள்ள பனையோ இன்னோர் இனம். அதன் அடைமொழியும் வேறு. இவர்கள் எல்லாரும் ஒரே மரத்தைப் பற்றிப் பேசுகின்றனர் என்பதை உறுதிசெய்வதற்குப் பொதுப்பெயர் ஒன்று வேண்டும். 2012ஆம் ஆண்டு முதல் புதிய தாவரமொன்றின் விவரணத்தை ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று விதி தளர்ந்துள்ளது. ஆயினும் பெயர் மட்டும் இன்னும் இலத்தீன் வடிவிலேயே அமைகின்றது. அப்பெயர் எவருடைய தாய்மொழியும் அன்று. ஆதலால் எவரும் அதனைத் தமக்கே உரியதெனக் கொண்டு மற்றவரை எள்ளுவதற்கு இடமில்லை.

இதனை நாம் மட்டும் சொல்லவில்லை. தாவரவியல் இலத்தீனைப் பற்றி 1966இற் பெருநூல் எழுதிய ஆங்கில அறிஞர் வில்லியம் ஸ்டேர்ண், கேட்பவருக்கு இனிதாக விளங்கினாற் போதும், உச்சரிப்பைப் பற்றிப் பெரிதும் கவலைப்பட வேண்டியதில்லை என்னுங் கருத்தினர். பெயர்விதிகளும் எழுத்தைப் பற்றியே பேசுகின்றன. நாவைப் பற்றி ஒன்றும் விதிக்கவில்லை. ஆங்கிலேயர் ஒருவாறும், செர்மானியர் வேறொருவாறும், இத்தாலியர் பிறிதொருவாறும் அப்பெயர்களை ஒலிக்கின்றனர். அச்சுவேலியார் ஒலிப்பது இன்னொரு வகை. விதியை அறிந்து நன்றாகச் சொல்ல முயல்வது கற்றவர்க்கு அழகு. விதியறியாத பிள்ளையைக் கண்டு நகைப்பதோ எந்த மொழியிலும் அழகன்று.

அவள் விடுமுறை முடிந்து திரும்பிச் சென்றாள். விண்ணப்பத்தை அனுப்பவில்லை. சில வாரங்களின் பின் தொலைபேசியிற் பேசினாள். ஆங்கிலத்தில் வேகமாக நடக்கும் பாடங்கள் இன்னும் இடர் தருகின்றன என்றாள். அதனை நாம் எதிர்பார்த்ததே. ஆயினும் புதிய பெயர் ஒன்று வந்தால், அதனை அறுத்துப் பார்த்துவிட்டே வாசிப்பதாகவும், பக்கத்திலிருந்த தோழியர் இருவருக்கும் அவ்வாறே சொல்லிக் கொடுப்பதாகவுங் கூறினாள். அந்த இருவரும் தமிழ் அறியாதவர்கள். சாரியை என்றால் என்னவென்று அவர்களுக்குப் பனங்காயை வைத்து விளக்கினாளாம்.

இங்கே வேறொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இலத்தீன் பெயரின் உறுப்புகளைப் பிள்ளைகள் அறியாதிருப்பது ஒரு குறை. தமிழ்ப் பெயர்களின் உறுப்புகளை அவர்கள் மறந்து வருவது அதனினும் பெரிய குறை. வடலி, காவோலை, சார்வோலை, கருக்குமட்டை, பன்னாடை, பூரான், ஒடியல், புழுக்கொடியல், குட்டான், நீத்துப்பெட்டி, உமல் என்று ஆச்சி சொல்லிக்கொண்டு போன சொற்களிற் சிலவற்றிற்கு அவள் பொருள் கேட்டாள். போர் நடந்த ஆண்டுகளிற் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்குமாகத் தறிக்கப்பட்ட பனைகள் எண்ணிறந்தன. மரம் குறைந்தபொழுது அதனோடு கூடிய தொழில்களுங் குறைந்தன. தொழிலோடு சொற்களுங் குறைந்தன. மரத்தை மீண்டும் நடலாம். பனை விதைப்பில் இளைஞர் பலர் ஈடுபட்டும் வருகின்றனர். சொல்லை நடுவதற்கு வீட்டுத் திண்ணையைத் தவிர வேறு நிலம் இல்லை.

பிறமொழி அறிவைத் தமிழிலே கொணர்வது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884), மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பொருட்டுக் கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார். அயற்சொல்லின் உள்ளே புகுந்து, அதன் பொருளைக் கண்டு, தமிழ்ச் சொல்லால் உடுத்தும் வேலை அது. அவ்வேலையை மறுபுறமிருந்து செய்தவர்களும் எமது அயலிலேயே உளர். அச்சுவேலிக்கு அண்மையிலுள்ள சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901), பனையோலை ஏடுகளிற் செல்லரித்துக் கிடந்த பழந்தமிழ் நூல்களைத் தேடி எடுத்து, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றினார். பனங்காய்க்கும் பனாட்டுக்கும் விதி கூறிய நூலை நூற்றாண்டுக் கணக்காகத் தாங்கி நின்றதும் பனையோலையே. லின்னேயஸ் பனையைக் கண்டதில்லை. அவர் ஏனையோரின் நூல்களிலும் படங்களிலும் விசிறியைக் கண்டார். எமது முன்னோர் அதே ஓலையில் ஏட்டைக் கண்டனர்.

ஆகையால் மாணாக்கர்களுக்கு ஒரு சிறு வேலை சொல்லி முடிக்கின்றோம். உங்கள் வளவில் நிற்கும் மரமொன்றின் இலத்தீன் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் உறுப்புகளைப் பிரித்துப் பொருள் காணுங்கள். அசையை எண்ணி, ஈற்றயலசையைப் பார்த்து, அழுத்தம் விழும் இடத்தின் கீழே கோடிடுங்கள். பின்னர் அதே தாளை வீட்டிலுள்ள முதியவரிடங் கொண்டுபோய், அம்மரத்தின் வேர்முதற் குருத்துவரை ஒவ்வோர் உறுப்புக்கும் அவர் சொல்லும் பெயரைக் கேட்டு மறுபக்கத்தில் எழுதுங்கள். பெற்றோர்கள் அத்தாளை எறிந்துவிடாமல் எடுத்து வைக்க வேண்டும். நீண்ட பெயர் எந்த வகுப்பில் எதிர்ப்பட்டாலும் அப்பிள்ளை தலைநிமிர்ந்து வாசிக்கும். உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்த சொல் எவருக்கும் பாரமாவதில்லை.